வயிற்றில் வளையத்தோடு ஊர் வரும் உறவுகளுக்கு



பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஊவாவின் ஏதோ ஒரு தோட்டத்திலோ டவுனிலோ பிறந்து, இன்று லண்டனிலும் டொரொண்டோவிலும் மெல்பர்னிலும் குடியிருக்கிறவர்கள் நீங்கள். உங்கள் எல்லாருக்குமான மடல் அல்ல இது. உடம்பு எடையைக் குறைப்பதற்காக இரைப்பையின் மேல்பகுதியில் சிலிக்கன் வளையம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதை அப்படியே மறந்தோ மறைத்தோ வாழ்கிறவர்களுக்கு எழுதுகிறேன். அங்குள்ள வைத்தியர்கள் அதை கேஸ்ட்ரிக் பேண்ட் என்பார்கள். நான் வளையம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நான் வைத்தியன் அல்ல. வைத்திய விஷயங்களைப் படித்து எழுதுகிறவன். ஆகவே இதில் சொல்வது எதுவும் உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரின் வாய்ச்சொல்லுக்கு மாற்றாகாது. அவரிடம் போய் எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்பதற்குத்தான் இந்த மடல்.

ஏன் இப்போது? இந்த வளையங்கள் அதிகமாகப் போடப்பட்டது 2000க்குப் பிந்திய பத்துப் பன்னிரண்டு வருடங்களில். அப்போது நாற்பதில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஊரில் வீடு கட்டி வருடத்தில் ஆறு மாதமாவது இருக்கலாம் என்று நினைக்கிற வயது. வளையத்துக்கும் அதேபோல வயதாகியிருக்கிறது. நீங்கள் வந்து இறங்கும் மலையிலோ, அதைத் தளர்த்தத் தெரிந்த கை பக்கத்தில் இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

வெட்கம் என்ற இன்னொரு காரணமும் உண்டு. வயிறு நிறையாத கதைதான் தோட்டத்தில் நாம் கேட்டு வளர்ந்தது. 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வில்கூட, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். நாடு முழுவதற்கும் அது ஆறில் ஒருவர் என்ற அளவுதான். அப்படிப்பட்ட மண்ணில் வந்து நின்று, “சாப்பாட்டைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொண்டேன்” என்று அக்காவிடம் சொல்ல நாக்கு எழாது. எழாததால் அக்கா இன்னொரு ரொட்டியை வைக்கிறாள். மறுத்தால் ‘வெளிநாட்டுப் பவுசு’ என்ற பேச்சு வரும். வாங்கித் தின்றால் நெஞ்சுக்குள் அடைக்கும். பின்வாசலுக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு, சிரித்தபடி வந்து உட்காருகிறீர்கள். வளையம் இடம் நழுவுவதற்கு இப்படித் திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பதும் ஒரு காரணம்.

அந்தக் கருவி உள்ளே என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டுக்கொண்ட பலருக்கே சரியாக விளக்கப்படவில்லை. வாய் கட்டிய கொழுந்துச் சாக்கைப் போல, இரைப்பையை மேலே சற்று இறுக்கி, இறுக்கிய இடத்துக்கு மேல் முட்டை அளவுக்கும் குறைவான ஒரு சிறு பையை வளையம் உண்டாக்குகிறது. வளையத்தின் உட்புறம் நீர் ஏறி உப்பக்கூடியது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் தைத்து வைத்த போர்ட் என்ற சின்னக் குமிழில் முடிகிறது. அந்தக் குமிழில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும். உறிஞ்சி எடுத்தால் தளரும். ஊசியும் கண்ட ஊசி அல்ல. ஹூபர் ஊசி என்று, குமிழின் மூடியைக் குதறாமல் நுழையும்படி முனை வளைந்த தனி ஊசி. வெட்டுவதும் இல்லை, தைப்பதும் இல்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் வருடா வருடம் கவனிக்க வேண்டிய கருவி இது என்பதை அதே சத்தத்தில் சொல்லவில்லை.

விற்ற கதையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். வயிற்றைத் திறக்காமல், சிறு துளைகள் வழியாக இந்த வளையத்தை முதன்முதலில் ஒரு மனிதருக்குப் போட்டவர் எத்தியோப்பியாவில் பிறந்து பெல்ஜியத்தில் பணியாற்றிய மிட்டிக்கு பெலாச்சு, ஆண்டு 1993. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001இல் அனுமதித்தது. 2011 பெப்ரவரியில், உடற்திணிவுச் சுட்டெண் (BMI) 30 உள்ளவர்களுக்கும், சீனி வருத்தம் போன்ற வேறு நோயும் சேர்ந்திருந்தால் போடலாம் என்று வாசலை அகலத் திறந்தது. அதே வருடம் டிசம்பரில், கலிபோர்னியாவின் வீதியோரப் பெரிய விளம்பரப் பலகைகள் ஆபத்துகளை மறைக்கின்றன என்று எச்சரிக்கைக் கடிதங்களும் அனுப்பியது. பெலாச்சு முதல் வளையத்தைப் போட்ட பெல்ஜியத்திலிருந்தே அந்த வருடம் இன்னொரு செய்தி வந்தது. பிரசல்ஸில் 1994 முதல் 1997 வரை வளையம் போட்ட 151 பேரில் 82 பேரைப் பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேருக்கு வளையம் எடுக்கப்பட்டிருந்தது. 28 சதவீதத்தினருக்கு அது இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருந்தது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு, அரச காப்புறுதியில் வளையம் போட்ட 25,042 பேரைப் பார்த்தது. சராசரியாக நாலரை வருடத்துக்குள் 18.5 சதவீதத்தினருக்கு மறுபடி சத்திரசிகிச்சை. அப்படி மறுபடி மேசையில் படுத்தவர்களுக்குச் சராசரி நான்கு முறை. பெரிய நிறுவனம் ஒன்று 2016இல் தன் வளையத்தைச் சந்தையிலிருந்தே எடுத்துக்கொண்டது. இன்று உலகில் எடைக்குறைப்பு சத்திரசிகிச்சை என்றால் பெரும்பாலும் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் முறையும் பைபாஸ் முறையும்தான். அதனால் வளையத்தோடு பழகிய கைகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன. உங்களுக்குப் போட்டவரே ஓய்வு பெற்றிருக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே எடுக்க ஓட வேண்டாம். எடை நின்றிருக்கிறது, சோறு இறங்குகிறது, இரவில் இருமல் இல்லை, நெஞ்செரிவு இல்லை, வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கும் போய் வருகிறீர்கள் என்றால் வளையம் அங்கேயே இருக்கட்டும். ஒழுங்காக வேலை செய்வதைக் கழற்றுவதற்கும் ஒரு சத்திரசிகிச்சைதான் வேண்டும்.

ஆனால் உங்களில் பலர் ‘எனக்குப் பிரச்சினை இல்லை’ என்பது பிரச்சினைக்குப் பழகிப்போனதால். சாப்பாட்டு மேசையில் அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். முதலில் பாண் போகிறது. பிறகு ரொட்டி, பிறகு இறைச்சி, பிறகு குழையாத சோறு. ஒவ்வொன்றாகக் கைவிட்டு, கடைசியில் எது சிரமமில்லாமல் இறங்குகிறதோ அதில் வந்து நிற்பீர்கள். சீனி போட்ட பால் தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட், ஐஸ்கிரீம், யோகட், சொக்லேட், அரிசிக் கஞ்சி. வளையம் இறுகிய அளவுக்கு எடை குறையவில்லையே, கூடுகிறதே என்று அங்கே கிளினிக்கில் கேட்டால், இன்னும் அரை மில்லிலீற்றர் ஏற்றி அனுப்புவார்கள். இன்னும் இறுகும். இன்னும் பிஸ்கட். அங்கே தேவைப்பட்டது தளர்த்துவது, நடந்தது இறுக்குவது. எடை கூடுகிறது, வாந்தியும் இருக்கிறது என்றால், ‘என் வாய்க்கட்டுப்பாடு போதாது’ என்று உங்களை நீங்களே திட்டுவதை நிறுத்துங்கள். வளையம் அளவுக்கு மேல் இறுகியிருக்கலாம், மேலே உள்ள சிறு பை உப்பியிருக்கலாம், உணவுக்குழாயே விரிந்துபோயிருக்கலாம். பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் இது தெரியும். முதல் வைத்தியம் நீரை முழுவதும் எடுத்துவிட்டுச் சில வாரம் பொறுத்திருப்பது. விரிந்தது பழைய நிலைக்கு வந்தால் மெதுவாக மறுபடி முயலலாம். வராவிட்டால் வளையத்துக்கு அங்கே வேலை இல்லை, எடுக்கத்தான் வேண்டும்.

இரவு இருமலையும் தனியாகச் சொல்ல வேண்டும். அப்புத்தளைக் குளிரில் இருமினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மிளகும் கொத்தமல்லியும் அவித்துக் குடிக்கச் சொல்வார்கள். படுத்த பிறகு புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருவதும், தலையணை நனைவதும், மூச்சு முட்டி எழும்புவதும் சளியால் அல்ல. மேலே தேங்கியது நுரையீரலுக்குள் இறங்குகிறது. திரும்பத் திரும்ப நிமோனியா வந்தவர்கள் இருக்கிறார்கள். வளையம் போட்டவருக்கு இப்படி இரவு இருமல் வந்தால் அது நழுவலுக்கோ மிகை இறுக்கத்துக்கோ அடையாளம் என்று எடுத்துக்கொண்டு, அந்த வாரமே பார்க்க வேண்டும்.

நழுவல் என்பது, வளையத்துக்குக் கீழே இருக்க வேண்டிய இரைப்பை அதன் வழியாக மேலே ஏறிவிடுவது. சிலருக்கு மாதக்கணக்கில் மெதுவாக நடக்கும். சிலருக்கு ஒரே நாளில். திடீரென்று தண்ணீர்கூட இறங்காமல், எச்சிலையும் துப்பிக்கொண்டு, மேல்வயிற்றில் விடாத வலியும் சேர்ந்தால் அது அவசரம். மேலே ஏறிய இரைப்பைக்கு இரத்த ஓட்டம் நின்று அழுகக்கூடும். அப்போது கசாயமும் வேண்டாம், தோட்டத்து டிஸ்பென்சரியில் வாந்தி ஊசி போட்டுக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்பதும் வேண்டாம். 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். பதுளைப் பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாக “எனக்கு இரைப்பையில் வளையம் இருக்கிறது, அதிலுள்ள நீரை எடுக்க வேண்டியிருக்கலாம்” என்று சொல்லுங்கள். போர்ட் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். ஹூபர் ஊசி இல்லாத இடத்தில், உயிராபத்தென்றால் வைத்தியர் சாதாரண மெல்லிய ஊசியாலேயே சுத்தமான முறையில் நீரை உறிஞ்சலாம். போர்ட் பழுதானால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நீர் எடுத்ததும் பெரும்பாலானவர்களுக்கு வலி விடும், தண்ணீர் இறங்கும். விடாவிட்டால் அன்று இரவே சத்திரசிகிச்சை அறைதான். நீர் எடுத்த மட்டில் கதை முடிந்ததாக நினைத்து வீட்டுக்குப் போவதும் தவறு. ஒருமுறை நழுவிய வளையத்தைத் திருத்தி வைப்பதா, எடுப்பதா என்று நிபுணர் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். திருத்தி வைத்தாலும் மறுபடி நழுவுவதுண்டு. மலையில் குடியிருக்கப் போகிறவருக்கு எடுப்பதே நல்லது என்பது என் கட்சி.

டிஸ்பென்சரிகளில் வேலை செய்கிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு விஷயம். வாரக்கணக்கில் வாந்தி எடுத்துச் சாப்பாடில்லாமல் வருகிறவருக்குக் குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்க வேண்டும். அது பி1 விட்டமின். அது வற்றிய உடம்புக்குள் குளுக்கோஸ் மட்டும் போனால் மூளை பாதிக்கப்படலாம். கால் மரத்தல், தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிதல், முன்னுக்குப் பின் பேசுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். மலையகத்தில் தள்ளாடி நடக்கிற நடுவயது ஆணைப் பார்த்ததும் நமக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான். அவர் குடித்திருக்காமலும் இருக்கலாம்.

அரிப்பு இதற்கு நேர்மாறு. நழுவல் கத்திக்கொண்டு வரும், அரிப்பு பூனைபோலச் சத்தமில்லாமல் வரும். திடீரென்று எல்லாச் சாப்பாடும் இறங்கத் தொடங்கும். பசி திரும்பும். எவ்வளவு நீர் ஏற்றினாலும் இறுக்கம் தெரியாது. ‘அப்பாடா, பழகிவிட்டது’ என்று சந்தோஷப்படுவீர்கள். சில மாதம் கழித்துப் போர்ட் இருக்கிற இடம் சிவந்து, வீங்கி, சீழ் வைக்கும். போட்டுப் பல வருடங்களுக்குப் பிறகு போர்ட்டில் வரும் கிருமித்தொற்றை வெறும் தோல் கட்டி என்று கீறி மருந்து கட்டுவதோடு விடக்கூடாது; வளையம் இரைப்பைக்குள் போய், உள்ளிருக்கும் கிருமி குழாய் வழியே வெளியே வந்திருக்கலாம். வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகும். அரித்துவிட்டால் யோசனைக்கே இடமில்லை, எடுத்தே ஆக வேண்டும். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், புரூபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்குகிற பழக்கம் நம்மிடம் அதிகம். வளையம் உள்ளவர்களை அவற்றைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். இரைப்பையைப் புண்ணாக்கும் மருந்துகள் அவை. புகைத்தலும் அப்படித்தான்.

போர்ட் புரண்டுபோவது, குழாய் கழன்று நீர் கசிவது போன்றவை சின்ன வேலைகள். வளையத்தைத் தொடாமல் போர்ட்டை மட்டும் மாற்றலாம். கர்ப்பமான பிள்ளைகள் வளையத்தை எடுக்க வேண்டியதில்லை, வாந்தி இருந்தால் நீரைத் தளர்த்தினால் போதும். பிரசவ கிளினிக்கில் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து.

எடுக்கத்தான் வேண்டும் என்றால் பிறகு என்ன? பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு மேசைக்குப் போங்கள். வளையத்தால் அடங்கியிருந்த சீனி வருத்தமும் பிரஷரும் கூடத் திரும்பலாம் என்பதால், எடுத்த சில வாரங்களுக்குள் இரத்தப் பரிசோதனை வேண்டும். ஸ்லீவுக்கோ பைபாஸுக்கோ மாறுகிறவர்கள் உண்டு. நெஞ்செரிவாலும் உணவுக்குழாய் விரிவாலும் வளையத்தை இழந்தவருக்கு ஸ்லீவ் அதே தொல்லையைக் கூட்டக்கூடும். பைபாஸ்தான் பொருத்தம் என்பார்கள் பலர். அரிப்புக்காக எடுத்தவர், இரைப்பை ஆறும்வரை சில மாதம் காத்திருந்துதான் அடுத்ததைச் செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று பெக்கேஜ் விலை சொல்கிற இடத்தில், எதனால் ஒரே நாளில் என்று கேளுங்கள். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வைத்தியத்துக்குப் போவது நமக்குப் பழக்கமானதுதான், கெட்டித்தனமான சத்திரசிகிச்சையாளர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் வெட்டிய பத்தாம் நாள் விமானத்தில் ஏறிக் கட்டுநாயக்கவில் இறங்கி, அங்கிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல் வளைவும் நெளிவுமாக மலையேறி வந்து, காய்ச்சலோடு படுக்கும்போது உங்களைப் பார்க்கப்போவது அவர்கள் அல்ல. இப்போது பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. செமாக்ளுடைட் வகையைச் சேர்ந்தவை. வளையத்தை எடுத்தவருக்கு இன்னொரு சத்திரசிகிச்சைக்கு முன் அதுவும் ஒரு வழி. விலையும், விட்டால் எடை திரும்புவதும் அதன் குறைகள்.

இனி, ஊரோடு வந்து தங்க நினைப்பவர்களுக்கு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது நமக்கு மறக்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் எங்கும் மண் இறங்கி வீதிகள் அடைபட்டன, மலைநாட்டு ரயில்பாதையும் உடைந்தது. மழைக்காலத்தில் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் மேலே இருக்கிறவருக்குப் பதுளையே தூரம், கொழும்பைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆகவே எடையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இது இறுகினால் ஆறு மணித்தியாலத்துக்குள் தளர்த்த ஆள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால், பெட்டி கட்டுவதற்கு முன் அங்கேயே போய் பேரியம் எக்ஸ்ரே எடுத்து, நீரைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு வாருங்கள். நிரந்தரமாக வருகிறவர், வளையத்தில் ஏற்கெனவே சின்னத் தொந்தரவாவது உள்ளவர் என்றால், அங்கேயே எடுத்துவிட்டு வருவதைப் பற்றி உங்கள் வைத்தியரோடு வெளிப்படையாகப் பேசுங்கள். இலவசமாகவோ காப்புறுதியிலோ செய்யக்கூடிய நாட்டை விட்டுவிட்டு வந்து, இங்கே நள்ளிரவில் செய்ய வேண்டிய நிலையை வரவழைக்காதீர்கள்.

வருவதற்கு முன் ஒரு காகிதம் வாங்குங்கள். வளையத்தின் பெயர், அளவு, போட்ட வருடம், இப்போது உள்ளே எத்தனை மில்லிலீற்றர் நீர் இருக்கிறது, போர்ட் எங்கே, கடைசி எக்ஸ்ரே எப்போது என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். ஆங்கிலத்திலேயே எழுதி வாங்குங்கள். இங்கே வைத்தியக் குறிப்புகள் ஆங்கிலத்தில்தான். ஒரு பிரதி உங்கள் பர்சில். இன்னொரு பிரதியை வீட்டில் யாராவது ஒருவரிடம் கொடுத்து, அது என்னவென்று சொல்லுங்கள். நீங்கள் பேச முடியாமல் கிடக்கும் இரவில், உங்களுக்காக அம்புலன்ஸ்காரரிடம் பேசப்போகிறவர் அவர்தான்.